செல்போன் காட்டிய சாலை

என் கணவர் நாமக்கல்லில் இருந்து வடக்கே லாரி ஓட்டுகிறார். ஒருநாள் லாரி விபத்து வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்துத் தொலைத்தேன். பார்க்கப் பார்க்க செல்போன் அதே மாதிரி வீடியோக்களையே கொட்டியது. நாட்டில் ஒரு லாரியும் ஒழுங்காக ஊர் சேர்வதில்லை என்றே நம்பிவிட்டேன். இருப்புக் கொள்ளாமல் மணிக்கொரு முறை அவரை அழைப்பேன்.

போன மாதம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இத்தனை வருசத்துல நேத்துத்தான் அம்மிணி, மலை எறக்கத்துல வண்டி ரோட்டை உட்டு எறங்கிருச்சு."

"ஐயோ! எப்படிங்க?"

"நீ கூப்பிட்டே. எடுக்கலீன்னா அழுவியேன்னு போனைக் கையில எடுத்தேன்."

அடுத்த வீடியோவாக அவரையே ஆக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவர் வண்டியை ஓரங்கட்டி அழைக்கும்வரை காத்திருக்கிறேன். கை என்னவோ பரபரத்துக்கொண்டேதான் இருக்கிறது.