அழிக்கச் சொன்ன பென்டிரைவ்

கயல், முகில், பிள்ளைகளா, அப்பா இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

கயல் கல்லூரியில் படித்தபோது நடந்தது; மறுநாள் அவள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். அன்று பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள். நண்பர் வீட்டு கம்ப்யூட்டரில் அதை இறக்கி, ஆட்டோவில் பாட்டுக் கேட்கும் பென்டிரைவில், பாட்டு ஏற்றுவது போலவே ஏற்றினேன். செருகிச் செருகிப் பார்த்தும் லேப்டாப் அசையவில்லை. பதற்றத்தோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன்.

கடைக்கார அம்மா சிரித்தார். "பாட்டு மாதிரி காப்பி பண்ணா இது எழுந்திருக்காதுண்ணே. இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போடணும். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். பாத்துட்டீங்களா?"

"வெறும் பாட்டுதாங்க. அழிங்க, சவாரி நிக்குது."

"சவாரி ஓடிப்போயிடாது, இருங்க." பென்டிரைவைத் திறந்து பார்த்தவர் திரும்பினார். "கயல்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர் இருக்கே, யாருண்ணே?"

"என் பொண்ணு."

"அவ ப்ராஜெக்ட் முழுக்க இதுலதான் இருக்கு."

லேப்டாப் திணறியபோதே கயல் அதை அங்கே பத்திரப்படுத்தியிருக்கிறாள். அவர் தன் பென்டிரைவிலேயே ஓ.எஸ். ஏற்றி, லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தார்.

நான் அவசரப்பட்டது என் சவாரிக்காக. அழியவிருந்தது என் மகளின் உழைப்பு.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவை ஓரம்கட்டினேன். லேப்டாப்பை மடியில் வைத்து, பென்டிரைவைச் செருகி அந்த ப்ராஜெக்டைத் திறந்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்தேன்.