கனவில் விற்ற தக்காளி

எங்கள் பக்கம் சமுதாய வானொலி தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு நகைச்சுவை நாடகத்தில் எனக்கு மண்டிக்காரர் வேஷம் கிடைத்தது. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் தக்காளி பெட்டி ரெண்டாயிரம்! பச்சையோ பழமோ, எதுன்னாலும் எடுத்துக்கறோமுங்க!" என்று மைக்கில் முழங்கினேன். கடைசியில், இதைக் கேட்டுப் பூரித்துப்போகும் விவசாயியை அவர் மனைவி உலுக்கி எழுப்புவாள், எல்லாம் கனவு. ஒலிபரப்பான சாயங்காலம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை மாரண்டஹள்ளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அம்மா பன்னிரண்டு பெட்டித் தக்காளியோடு உட்கார்ந்திருந்தார். அத்தனையும் கல் மாதிரி பச்சைக் காய்.

"ஏங்க, இதைப் போய் இப்பவே பறிச்சிட்டீங்க?"

"பச்சையா இருந்தாலும் எடுத்துக்கறோம்னு ரேடியோவுல சொன்னாங்களே!"

"அது நாடகமுங்க. கடைசியில கனவுன்னு சொன்னோமே."

"கடைசி வரைக்கும் எங்கீங்க கேட்டேன்? ரெண்டாயிரம்னதுமே கூடையத் தூக்கிட்டு தோட்டத்துக்கு ஓடிட்டேன். இருட்டறதுக்குள்ள பறிக்கணுமில்ல?" என்றவர் சட்டென்று என்னை உற்றுப் பார்த்தார். "அந்தக் குரலு உங்களுதுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. "இந்த மார்க்கெட்டுல யாரு பொய் சொன்னாலும் நான் கண்டுபுடிச்சிருவேன். உங்க குரல்ல பொய்யே தெரியலீங்களே" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

என் நடிப்புக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதே இல்லை.