அண்ணன் போட்ட ஆல்பங்கள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘இன்னா ஓடுது’. ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று இந்தப் பக்கத்துப் பாட்டுப் பைத்தியங்கள் முப்பது பேர் அதில் இருக்கிறோம். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் நான், வேலூரில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், ஆற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, ஆம்பூர் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் அட்மின் பாய், இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவரும் அந்த வாரம் எந்த ஆல்பம் கேட்டோம் என்று போட வேண்டும். ஒற்றைப் பாட்டைப் போட்டால் செல்லாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்டிருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக, உள்ளே நம் காதில் விழுந்த ஒரு சின்ன விஷயத்தையும் எழுத வேண்டும். பின்னால் லேசாகக் கேட்கும் ஒரு கஞ்சிரா, பாடகி மூச்சு இழுக்கும் இடம், அந்த மாதிரி. தப்பாக எழுதி மாட்டிக்கொண்டால் அடுத்த முறை கூடும்போது எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். ஆம்பூரில் பாட்டுக்கு வேறு என்ன தண்டனை இருக்க முடியும்?

என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டது என் அண்ணன். அவன் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்கிறான். வீடு மாதிரி உயர்ந்த மர டிரம்கள் தோலைப் போட்டு உருட்டிக்கொண்டே இருக்குமே, அந்த இடத்தில். அப்பா செத்தபோது பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு அங்கே நின்றவன், இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். என்னை வளர்த்ததும் அவன்தான், எனக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

நான் எங்கள் கம்பெனியிலேயே கட்டிங்கில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் வீட்டில் உருது பேசுவார்கள். அண்ணன் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. “இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனான். எனக்கு மட்டும் ரோஷம் கம்மியா? நானும் அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஆனால் குழுவிலிருந்து இரண்டு பேருமே வெளியேறவில்லை. வெளியேறினால் தோற்றதாகிவிடும் அல்லவா? நாங்கள் அண்ணன் தங்கை என்பது அட்மின் பாய்க்கு மட்டும் தெரியும். அவன் போட்டதற்கு நான் பதில் போட மாட்டேன், நான் போட்டதற்கு அவன் போட மாட்டான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். கச்சேரி ஆல்பம் போட்டால் மனசு சரியில்லை. குத்துப்பாட்டு என்றால் போனஸ் வந்திருக்கிறது. புதுப் படத்து ஆல்பத்தைத் திட்டி எழுதினால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இப்படித்தான் சில வருஷம் அவனோடு வாழ்ந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம் அவன் போடுகிற ஆல்பங்கள் மாறிப் போயின. புதுசு எதுவும் இல்லை. எல்லாம் எங்கள் வீட்டு கேசட்டுகள். முதல் சம்பளத்தில் அவன் டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தபோது கூடவே வந்த படம். ரப்பர் மரத்தடியில் கதாநாயகி நிற்கிற அட்டை போட்ட படம். நான் டைபாய்டில் படுத்திருந்தபோது திருப்பித் திருப்பி ஓடியதில் நாடா சிக்கி, பென்சிலை விட்டு அவன் சுற்றிக் கொடுத்த பக்திப் பாட்டுகள். வாரா வாரம் ஒவ்வொன்றாக வந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயைத் திறந்து வா என்று சொல்ல ரோஷம் விடவில்லை, அதனால் பாட்டைப் போட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? அந்த கேசட்டுகள் உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “போய்ட்டு வா. ஆனா ஜாஸ்தி எதிர்பாக்காத” என்றார். உங்களுக்கு என் அண்ணனைத் தெரியாது என்று அவரிடம் சண்டை போட்டேன்.

லீவு நாளில் ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படியோ ஆனது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா” என்றேன்.

திரும்பவில்லை. சரி, கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது போல என்று எண்ணி, பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்ததையெல்லாம் அந்த முதுகிடமே கொட்டினேன். உன்னை நினைக்காத நாளில்லை என்றேன். என் பிள்ளை உன்னை மாதிரியே தாளம் போடுகிறது என்றேன். நீ ஒரு வார்த்தை பேசு, இல்லாவிட்டால் திட்டவாவது செய் என்றேன். அவன் தலை அசையவே இல்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பேடா டப்பாவை அவன் முதுகில் எறிந்துவிட்டுப் போகலாமா என்றுகூடத் தோன்றியது.

அண்ணி என் கையைப் பிடித்தாள். “அவருக்கு ஒண்ணும் கேக்காதுமா. காது போய்ட்ச்சு.”

எனக்குப் புரியவில்லை. அண்ணி மெதுவாகச் சொன்னாள். டிரம் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததாம். இவன் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் சமயத்தில் வேலூர் போய்க் காட்டினால், ரொம்ப லேட் என்றார்களாம். “மிஷின் வெச்சா பேச்சு கொஞ்சம் கேக்குது. பாட்டு மட்டும் தகரத்த தரையில இழுக்கறா மாதிரி கேக்குதாம். ஒரு நாள் வெச்சிப் பாத்தாரு. கழட்டிப் பொட்டியில போட்டவருதான், திரும்ப எடுக்கல.”

அதற்குள் அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“நீ இன்னாத்துக்கு வந்த?” குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

செல்போனை எடுத்து எழுதிக் காட்டினேன். ‘நம்ம வீட்டுப் பாட்டா போட்டுனு இருந்தியே. என்னக் கூப்புடறன்னு நெனச்சேன்.’

அவன் அதைப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான் என்று நினைக்கிறேன்.

“உனுக்காகப் போடல” என்றான். “அதான் மனப்பாடமா இருக்குது. கண்ண மூடுனா அது மட்டும்தான் உள்ள ஓடுது. புதுசா எதுவும் ஓட மாட்டேங்குது. குரூப்ல யார்கிட்டயும் சொல்லாத. ஞாயித்துக்கெழம ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்.”

தலையை ஆட்டினேன். அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேடாவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யார் செத்துட்டாங்க என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன்.

எனக்கு எதற்காக அழுகை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காது போனதற்காக மட்டும் இல்லை. அவன் என்னைக் கூப்பிடவே இல்லை என்பதற்காகவும்தான். அந்த நேரத்திலும் என் கவலை எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த ரப்பர் மரத்துப் படத்தைத் திரும்பவும் போட்டான். ஒரு ஆல்பத்தை இரண்டு தடவை போடுகிற ஆளே இல்லை அவன். ‘இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்கும் முன் ஒரு வீணை வரும். பாதியில் நின்று, யோசித்துவிட்டுத் தொடரும். அதற்காகவே முழு ஆல்பத்தையும் கேட்கலாம்’ என்று எழுதியிருந்தான்.

அங்கே வீணை கிடையாது, புல்லாங்குழல். அந்த இடம் வரும்போதெல்லாம் வாயைக் குவித்துக்கொண்டு கூடவே ஊதுவான் அவன். மனப்பாடமும் கழன்றுகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஆட்டோ தம்பி உடனே பிடித்துக்கொண்டான். ‘அண்ணே, அது புல்லாங்குழல்! மாட்னீங்களா? பிரியாணி!’ அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. மட்டனா சிக்கனா என்று ஒருவர், லெக் பீஸ் தனக்கு என்று இன்னொருவர். நல்ல மனசோடுதான் கிண்டல் செய்தார்கள். அவன் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் போட்டதற்குப் பதில் போடுவதில்லை என்று இருந்த நான் அன்றைக்குப் போட்டேன். ‘வீணைதான். இப்பதான் கேட்டேன். அவர் சொன்னது சரி.’

ஆட்டோ தம்பி அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆடியோவாகவே போட்டுவிட்டான். சுத்தமான புல்லாங்குழல். போட்டுக் கேட்டுவிட்டு, ‘எனக்கு வீணையாதான் கேக்குது’ என்று மறுபடியும் எழுதினேன். வேலூர் நர்ஸ் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டு, ‘அக்கா, ஒரு நாள் எங்க பக்கம் வாங்க, காது டெஸ்ட் எடுத்துடலாம்’ என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ‘வர்றேன்’ என்று போட்டேன். ‘ரெண்டு பேரும் சேர்ந்து பிரியாணி வாங்குங்க’ என்று அட்மின் பாய் தீர்ப்புச் சொன்னார். வாங்குகிறேன் என்றேன். ஒரு அண்டா வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. அண்ணன். அந்தச் சண்டைக்கு அப்புறம் எனக்கு அவனிடமிருந்து வந்த முதல் மெசேஜ்.

‘பாப்பா. அது புல்லாங்குழலா?’

அதற்குக் கீழேயே இன்னொன்று. ‘பாட்டு விஷயத்துல நீ எனக்கு விட்டுக்குடுத்ததே இல்லியே.’

உண்மைதான். டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து சரிக்குச் சரி வாதாடுவேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனுக்கு அது பிடிக்கும். கழுத, உனக்குத்தாண்டி காது என்பான். அப்படிப்பட்டவள் முப்பது பேர் முன்னால் அவன் பக்கம் நின்றதும் அவன் கண்டுபிடித்துவிட்டான். ஆட்டோ தம்பி சொன்னதை அவன் நம்பாமல் இருந்திருப்பான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தப் பயலுக்கு என்ன தெரியும் என்று அந்த வீணையோடு இருந்திருப்பான்.

வீணை என்று எழுதினேன், அழித்தேன். இனி அவன் நம்ப மாட்டான். ‘ஆமாண்ணா, புல்லாங்குழல்’ என்று அனுப்பினேன்.

படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. குழுவைத் திறந்து பார்த்தேன். பிரியாணிப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், அவன் வெளியேறிவிட்டதாகச் சாம்பல் எழுத்தில் ஒரு வரி. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அதற்கு மேல் இன்னும் இரண்டு தடவை அவனுக்கு எழுதினேன். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன், நீலக் குறிகூட விழவில்லை. அவன் உள்ளே இப்போது என்ன ஓடுகிறது, ஏதாவது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இனி ஒரு வழியும் இல்லை.