சிவப்புக்காரர் வெளுத்த வாத்து

அதெல்மோ பெர்த்தோனே காலையில் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பார். மத்தியானத்துக்கு மேல், வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொண்டுவரும் பறவைகளைப் பாடம் பண்ணிக் கொடுப்பார். பரானா ஆற்றோரம் எங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்த ஒரே ஆள். பிறந்ததிலிருந்து சிவப்புச் சட்டைக் கால்பந்து அணியின் ரசிகர். தன் கல்யாணத்துக்கே முழுச் சிவப்பில் வந்து நின்றவர். நான் வெள்ளைச் சட்டைக் கழகத்தில் புல் வெட்டுகிறவன். எங்களுக்குள் நல்ல வார்த்தை கிடையாது.

நாத்தா எங்கள் கழகத்து வெள்ளை வாத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மைதானத்தைச் சுற்றி வரும். இறுதி ஆட்டம் மாதக் கடைசியில் சிவப்போடுதான் என்று முடிவான மறுநாள், தெருநாய் அதன் கழுத்தைக் கடித்துக் கொன்றுவிட்டது. நெஞ்செல்லாம் ரத்தம். தலைவர் எவரிஸ்தோ அழுதுகொண்டே, மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்க வைத்திருந்த வெந்நீரை ஃபிளாஸ்க்கோடு கவிழ்த்துக் கழுவினார். ரத்தம் வெந்து இறகைப் பிடித்துக்கொண்டது.

பாடம் பண்ணியாவது இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வழியில்லை, அதெல்மோவிடம் தூக்கிப்போனோம்.

“யார்யா வெந்நி ஊத்துனது?” என்றார் பார்த்ததும்.

தலைவர் ஃபிளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“ரத்தத்துக்குப் பச்சத்தண்ணிதான்யா. சூப்பு வச்சுல்ல கொண்டாந்திருக்கீங்க!”

“முடியுமா, முடியாதா?” என்றேன். “செவப்பு நெஞ்சோட இது மைதானத்துக்கு வந்தா, உங்காளுங்க எங்கள ஊர விட்டே ஓட வச்சிருவானுங்க.”

“அதப் பாக்க எனக்கும் ஆசதான்,” என்று சிரித்தார்.

“கேட்டீங்களா தலைவரே? கறைய அப்படியே விட்டுருவான் இந்தாளு.”

“நம்பிக்க இல்லேன்னா இங்கயே உக்காந்து பாருய்யா.”

உட்கார்ந்தேன்.

தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தார். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, புண்ணில் ஊற்றினால் பொங்குமே, அந்த மருந்தைப் பஞ்சில் தொட்டுக் கறையில் வைத்தார். பொங்கவில்லை. வாத்தையும் தலைவரையும் சேர்த்துத் திட்டினார். கறை தின்னும் சலவைத்தூள் கலந்து மறுபடி ஊறல். மறுநாள் நான் போனபோது மறுபடி மருந்து. ஓர் இறகின் அடியில் பொசுக்கென்று நுரை கிளம்பியது.

“விடுதுடா! விடுது!” என்று என் தோளில் குத்தினார். வலித்தது. நானும் குதித்தேன்.

பல் துலக்கும் பிரஷை எடுத்து இறகு இறகாக, அடியிலிருந்து நுனிக்குத் தள்ளினார். பழுப்பு மஞ்சளானது, மஞ்சளும் போனது. துண்டால் ஒற்றி, மக்காச்சோள மாவைத் தூவி, மனைவியின் அழகுநிலையத்தில் முடி உலர்த்தும் மெஷினால் சூடில்லாத காற்றை ஊதினார். தோல் நனைந்த கந்தல் மாதிரிக் கிடந்தது. ஊத ஊத ஒவ்வொரு தூவியாகச் சிலிர்த்து எழுந்தது. மாவு டப்பாவை மூடுகிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தன்று தலைவர், பஞ்சடைத்துத் தைத்த நாத்தாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். கேலி பண்ணக் காத்திருந்த சிவப்புக் கூட்டம் கழுத்தை நீட்டிக் கறையைத் தேடியது. நடுவிலிருந்து ஒரே ஒரு குரல்:

“நெஞ்சப் பாருங்கடா! பொட்டுக் கறை இருக்கா? சொல்லுங்கடா!”

அதெல்மோ. சொந்தக் கூட்டமே தொப்பிகளை அவர்மேல் வீசியது.

“யோவ், நீ எந்தக் கட்சிய்யா?”

“ஆட்டம் தொடங்கட்டும், சொல்றேன்! இப்பப் பறவையப் பாருடா!”

இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். இரண்டுக்கும் அவர் துள்ளியதை நானே பார்த்தேன். கோப்பையை அவர்கள் ஊர்வலமாகத் தூக்கிப்போனபோது, அந்த ஆள் மட்டும் வேலி தாண்டி எங்கள் பக்கம் ஓடிவந்து, தடவிப் பார்க்க முண்டியடித்தவர்களைத் தடுத்து, நாத்தாவின் முன்னால் கையை விரித்து நின்று கத்திக்கொண்டிருந்தார்:

“சாசேஜ் தின்ன எண்ணெக் கையோட எவனும் தொடக்கூடாது!”