பின் கேட்டைத் திறக்காத வெள்ளிக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் கூடி நின்றால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற சுபாவம். ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி எங்கள் எச்.எம். மேடம் கேட்டார். "உங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுங்க முரளி, அது போதும்" என்றார். நடந்தது எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு சேக்காட்டில். வேலை பாரிவாக்கத்தில், ஒரு நர்சரி அண்ட் பிரைமரி பள்ளியில் ஆபீஸ் அசிஸ்டன்ட். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. ஃபீஸ் ரசீது போடுவது, டி.சி. எழுதுவது, பெல் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது எல்லாம் நான்தான். பெற்றோர்கள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கம்பி இருக்கிறவரை எனக்குப் பேச்சு வரும்.

1. டை

பைபாஸ் பக்கம் ஒரு பெரிய பள்ளி திறந்தார்கள். நீச்சல் குளம், ஏசி வகுப்பு, மஞ்சள் வேன். எங்கள் பள்ளியைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளில் இருந்து பிள்ளைகள் அங்கே போக ஆரம்பித்தார்கள். எங்களிடம் படித்தவர்கள் எல்லாம் பழைய ஊர்க்காரர்களின் பிள்ளைகள். அவர்கள் வீடுகளில் எல்.கே.ஜி. வயதில் அந்த வருடம் அதிகம் பேர் இல்லை.

தாளாளர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். "எல்.கே.ஜி.க்கு இருபது பேராவது வரணும் மேடம். வரலைன்னா அடுத்த வருஷம் எல்.கே.ஜி. கிடையாது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். கீழ் வகுப்பு நின்றுபோனால் மேல் வகுப்புகள் வருடத்துக்கு ஒன்றாகக் காலியாகும். அதற்கப்புறம் பள்ளியே இருக்காது. 

மேடம் எங்கள் பள்ளிக்குப் புதிது. அண்ணா நகரில் ஒரு பெரிய பள்ளியில் இருந்துவிட்டு வந்தவர். சுறுசுறுப்பானவர். உடனே ஓபன் ஹவுஸுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை, அடுக்குமாடிக் குடும்பங்களைக் கூப்பிட்டு, பள்ளியின் விழுமியங்கள், புரோகிராம்கள் எல்லாவற்றையும் அறிமுகம் செய்வது. சுற்றிக் காட்ட வேண்டிய மிஸ் பிரசவ விடுப்பில் போய்விட்டார்.

"நீங்கதான் காட்டணும் முரளி."

"நானா மேடம்? எனக்குப் பேச வராதே."

"இந்த ஸ்கூல் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? டை மட்டும் கட்டிக்குங்க."

ஒரு கம்பெனிக்காரர் வந்து சுவரில் ஐந்து போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். பகிர்தல், தன் கையே துணை, மரியாதை, ஆர்வம், பாதுகாப்பு. ஒவ்வொரு போஸ்டருக்கு முன்னாலும் நின்று நான் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நடுவில் அபாகஸ், ஃபோனிக்ஸ், சிலம்பம், ஸ்மார்ட் போர்டு.

எனக்கு முதல் போஸ்டரிலேயே சந்தேகம் வந்தது. பள்ளி டைரியில், குழந்தைகள் சாப்பாட்டை ஒருவருக்கொருவர் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறோம். சுவரில் பகிர்தல் என்று ஒட்டியிருக்கிறோம்.

"யாராவது கேட்டா என்ன சொல்றது மேடம்?"

"அது வேற, இது வேற முரளி" என்றார்.

அதையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

2. பின் கேட்

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பன்னிரண்டேகாலுக்குப் பின் கேட்டைத் திறப்போம். ஊரில் இருந்து அம்மாக்கள் சூடாகச் சாப்பாடு கொண்டுவருவார்கள். வேன் நிற்கிற ஷெட்டின் ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள். தன் பிள்ளை, அடுத்தவர் பிள்ளை என்று பார்ப்பதில்லை. யாருடைய அம்மா வர நேரமானாலும் பக்கத்தில் இருக்கிறவர் அந்த வாய்க்கும் ஒரு உருண்டை கொடுத்துவிடுவார். அவர்களில் பாதிப் பேர் இதே பள்ளியில் படித்தவர்கள். உள்ளே வர அவர்கள் யாரையும் கேட்பதில்லை.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் இருந்தது.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பின் கேட்ல கூட்டம் வேண்டாம் முரளி. பாக்கறவங்க தப்பா எடுத்துப்பாங்க. நீங்க பேரன்ட்ஸ்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

இருபது அம்மாக்களிடம் பேசுவது என்னால் ஆகாது. கஸ்தூரியிடம் மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். கஸ்தூரியின் பையன் இரண்டாம் வகுப்பு. அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. வியாழக்கிழமை மதியம் அவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நாளைக்குப் புதுசா சேக்கறவங்க ஸ்கூலைப் பாக்க வராங்கம்மா. அதனால நாளைக்குப் பின் கேட் திறக்க மாட்டோம்."

"அட்மிசனுக்கா? எத்தினி பேரு?"

"ஒரு பத்துக் குடும்பம் இருக்கும்."

"சரிண்ணா. இத்த நீ சொல்லணுமா? நான் பாத்துக்கறேன், நீ போ."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஏழுமலை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், தன் பெண்ணுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். சவாரியை விட்டுவிட்டுத் தினமும் வந்துவிடுவார். "பத்துக் குடும்பமா? செம அண்ணாத்தே!" என்றார். மேடத்திடம் போய் சொல்லியாச்சு என்றேன்.

3. வெள்ளிக்கிழமை

டை கட்டத் தெரியாது. ஆவடியில் ஒரு கடையில் எலாஸ்டிக் வைத்த டை வாங்கினேன். காலையில் பெண்ணை இறக்கிவிட வந்த ஏழுமலை அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, பேண்டு செட்ல சேந்துட்டியா?"

"சும்மா இருப்பா."

"இல்ல, சூப்பரா கீது. கொஞ்சம் நேரா இஸ்துக்கோ."

பதினோரு மணிக்கு முன்பே எல்லோரையும் அனுப்பிவிடுவதாகத் திட்டம். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்கே பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மேடம் பேசினார். அதற்குப் பிறகு நான்.

மரியாதை போஸ்டரை ஆர்வம் என்று சொன்னேன். ஆர்வத்தின் முன்னால் நின்றபோது சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் கேமரா எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவர் போனில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார்.

ஒரு அம்மா மட்டும் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெயர் சங்கீதா. கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊர் தூத்துக்குடிப் பக்கம். நான்கு வயதுப் பெண் குழந்தை, பெயர் இனியா, அம்மாவின் துப்பட்டாவை விடவே இல்லை. மற்றவர்கள் ஸ்மார்ட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சங்கீதா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், இவ தானா சாப்பிட மாட்டா. ப்ளே ஸ்கூல்ல டப்பா அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் வரைக்கும் பட்டினியா இருப்பா. இங்க யாராவது பக்கத்துல உக்காந்து ஊட்டுவாங்களா? நீச்சல் குளம் எல்லாம் எனக்கு வேண்டாம். இது ஒண்ணுதான் கேக்கணும்னு வந்தேன்."

ஊட்டுவார்கள் என்று வாய்வரை வந்தது. ஆனால் பின் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். மேடம் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் தன் கையே துணை என்ற போஸ்டர்.

"எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க தானாவே சாப்பிடுவாங்கம்மா. அது எங்க விழுமியம்" என்றேன்.

"ஓ. சரி சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் தலையாட்டவில்லை.

பெல் அடிக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டது. போய் அடித்தேன். அடித்துவிட்டுத் திரும்பினால், முன் கேட் வழியாக அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

தினமும் ஊட்ட வருகிற எல்லோரும் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை, தலையில் பூ. ஏழுமலை காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வழக்கமான தூக்குவாளிகளோடு பெரிய பெரிய டப்பாக்கள் வேறு. வாட்ச்மேன் விசேஷம் என்று நினைத்துக் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்தாளிகள் வருகிற அன்று பின்னால் நின்றால் நன்றாக இருக்காது, முன்னால் வரச் சொல்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளி தங்களை வர வேண்டாம் என்று சொல்லும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நேராக ஹாலுக்கு வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஓடி வந்து எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட. எல்லாம் தன் கையே துணை போஸ்டருக்கு நேர் கீழே.

சங்கீதாவின் கணவர் என்னைப் பார்த்தார். "இவங்க யாரு? ஸ்டாஃபா?"

"பேரன்ட்ஸ் சார்."

"பிள்ளைங்க தானா சாப்பிடுவாங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அப்போ இது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"அது வேற, இது வேற சார்" என்றேன்.

கஸ்தூரி குரல் கொடுத்தார். "இன்னா எல்லாரும் நின்னுகினே கீறீங்க? வெய்யில்ல வந்துகீறீங்க. கை கழுவினு ஒக்காருங்க. காராமணிக் கொழம்பு, சுடச்சுட கீது."

இரண்டு குடும்பங்கள் அப்போதே கிளம்பிவிட்டன. கேமரா எண்ணியவர் மேடத்திடம் போய், வெளியாட்களை இப்படி உள்ளே விடுவது பாதுகாப்பா என்று பாதுகாப்பு போஸ்டரைக் காட்டியே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போனில் மீட்டிங்கில் இருந்தவர் போனை அணைத்துவிட்டு ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க தினமும் வந்து ஊட்டுவீங்களா?" என்று கேட்டார். "வராம? இந்த நேரத்துல சவாரி வந்தா இன்னா, வராட்டி இன்னா" என்றார் ஏழுமலை.

கஸ்தூரி ஒரு உருண்டையை இனியாவின் முன்னால் நீட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. சங்கீதா, "அவ சாப்பிட மாட்டாக்கா, விடுங்க" என்றார்.

"வேணாமா? சரி, போ. இது உனக்குன்னு யாரு சொன்னா? உங்கம்மாவுக்கு" என்று சொல்லி கஸ்தூரி அதே கையைச் சங்கீதாவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். "காலைல இன்னா சாப்ட்ட நீ?"

சங்கீதா வாயைத் திறந்தார். இரண்டாவது உருண்டையும் வாங்கிக்கொண்டார். இனியா துப்பட்டாவை விலக்கிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசிவரை சாப்பிடவில்லை. சாப்பிட்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

4. டப்பா

எல்லோரும் போன பிறகு மேடம் கூப்பிட்டார்.

"பேரன்ட்ஸ்கிட்ட நீங்க என்னதான் சொன்னீங்க முரளி?"

"பின் கேட் திறக்க மாட்டோம்னு சொன்னேன் மேடம்."

மேடம் என் கழுத்தைப் பார்த்தார். கோபமா, அழப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி. அந்த டையைக் கழட்டுங்க" என்றார். மேஜையில் கஸ்தூரி வைத்துவிட்டுப் போன டப்பா ஒன்று இருந்தது. மேடம் அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை, திறக்கவும் இல்லை. மாலையில் அறையைப் பூட்டப் போனபோது அந்த டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

எல்.கே.ஜி. இப்போதும் நடக்கிறது. தாளாளர் கேட்ட எண்ணிக்கைக்கு ஒருவர் அதிகமாகவே சேர்ந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையால்தானா என்று என்னைக் கேட்டால் தெரியாது. பைபாஸ் பள்ளியில் வேன் கட்டணம் ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்டவர் கேட்டதும் வீண் போகவில்லை. இப்போது ஊட்ட வருகிறவர்களுக்குப் போட்டோ ஒட்டிய ஐடி கார்டு கொடுத்திருக்கிறோம். கஸ்தூரி அதை மாட்டிக்கொண்டு, "நானும் ஐடி கம்பெனிதான்" என்கிறார். பகிர்தல் போஸ்டர் சுவரில் இருக்கிறது. டைரியில் அந்த வரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு சேதியைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். பாதியில் விட்டால், கேட்கிறவர்கள் மீதியைத் தங்கள் மனம்போல நிரப்பிக்கொள்வார்கள். நம்முடைய மனத்தைவிட அவர்கள் மனம் சில சமயம் பெரிதாக இருந்துவிடும். பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் சாப்பாட்டு பெல் அடிக்கிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். பிடிக்காதவர்கள் அப்போதே போய்விடுவார்கள். அது நல்லதா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், சனிக்கிழமை. பிள்ளைகளுக்கு லீவு, ஆபீஸ் மட்டும் உண்டு. சங்கீதா இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்மிஷன் ஃபாரம் கேட்கவில்லை. பின் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். பன்னிரண்டேகால் என்றேன். திறந்து காட்டச் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து காட்டினேன்.