கரையோடு ஓடிய அப்பா

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மொட்டை மாடிக்கு மேலே மெஷின் அறையில் நிற்பார். இன்னொருவர் பதினான்கு மாடிக்குக் கீழே குழிக்குள் நிற்பார். மேலே இருப்பவர் குரல் கொடுப்பார், கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்கள். சத்தம் நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

அந்தக் குழிகளில் இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்திய நம் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அப்பேர்ப்பட்ட மனிதர், ஆசை ஆசையாய்ப் பெற்ற ஒரே மகளை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருவாரா?

உட்காரவே மாட்டார். பன்னிரண்டு வயது மகள் தண்ணீரில் பாய்ந்ததும் கரையோடு அவரும் ஓடுவார். பேன்ட் முழங்கால்வரை நனையும், செருப்பு வழுக்கும். "இழு கண்ணு! விட்றாத! அப்படித்தான்!" கூரைத் தகரம் அதிரும்.

"விட்டா இவரே குதிச்சு மெடல் வாங்கிடுவார் போல" என்று பெஞ்சில் யாரோ சொல்வார்கள். காதில் விழும். அவர் சட்டை செய்யமாட்டார். தலை தண்ணீருக்குள் போய்விட்டால் குழந்தை தனி அல்லவா? அப்பா குரலும் கேட்காவிட்டால் அந்தப் பிஞ்சு பயந்துவிடாதா?

நகர அணிக்குத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. நூறு மீட்டர், முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். இரண்டு வருஷமாக மகள் மூன்றாவதாக வந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறாள். இந்த முறையும் போனால் நீச்சலையே விட்டுவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள்.

"சார், உங்க பொண்ணு தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க."

"வலது பக்கம், மேடம்."

"இப்ப திரும்பி வர்றா. இப்போ?"

"இடது பக்கம்."

"போகும்போது வலது, வரும்போது இடது. ரெண்டுமே நீங்க ஓடுற கரை. மூச்சு வாங்கறதுக்குன்னா வாய் வெளியே வந்தா போதும். இவ கழுத்தையே தூக்குறா. தலை தூக்கினா கால் கீழே போகும், வேகம் போகும். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க கரையில இருக்கிறவரைக்கும் மாறாது."

மெக்கானிக்குக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "நான் ஒரு நாள்கூட இங்க வராம இருந்ததில்லை மேடம். இவளுக்காக ஷிஃப்ட் மாத்தி மாத்தி..."

"தெரியும் சார். அதனாலதான் இவ்வளவு நாளா சொல்ல மனசு வரலை."

வீட்டில் மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்த வேகத்தில் நாற்காலியில் விழுந்தார்.

"பெத்த அப்பன் வரக்கூடாதாம்!"

"வரக்கூடாதுன்னா சொன்னாங்க? ஓடக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"நீயும் அந்தப் பக்கமா?"

"நான் எந்தப் பக்கமும் இல்லீங்க. உங்க பொண்ணு எந்தப் பக்கம்னு அவளையே கேளுங்க."

மகள் கதவருகில்தான் நின்றிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் என்பதே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"கண்ணு, அப்பா இல்லேன்னா உனக்குப் பயமா இருக்கும்ல?"

அவள் உதட்டைக் கடித்தாள். "எனக்கு இல்லப்பா. உங்களுக்கு."

"எனக்கா?"

"முதல் வருஷம் நான் கொஞ்ச நேரம் தலை தூக்காம நீந்தினேன். வெளியே வந்தா உங்க கை நடுங்கிட்டு இருந்துச்சு. அதுலேர்ந்துதான்... நான் நல்லா இருக்கேன்னு உங்களுக்குக் காட்டத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கறேன்."

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. மெக்கானிக் மகளையே பார்த்தார். தான் தைரியம் கொடுப்பதாக நினைத்து ஓடிய இத்தனை நாளும், அந்தச் சின்னக் கழுத்து தனக்குத் தைரியம் சொல்லத்தான் வளைந்ததா? கண்ணில் முட்டிய நீரைத் துடைக்காமலே எழுந்து, மகளின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி உள்ளே போனாள். அவர் வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றார். விசில் ஒலித்தது. கால் தானாக முன்னே போயிற்று. கம்பிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே ஆரவாரம் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. யார் பெயரைக் கத்துகிறார்கள் என்று புரியவில்லை. அந்த ஒன்றேகால் நிமிஷத்தில் அவர் பத்து வயது கூடிக் கிழடாகிப்போனார்.

ஈரத் தலையோடு மகள் ஓடி வந்தாள். பின்னால் மனைவி, மூச்சு வாங்க.

"ரெண்டாவதுப்பா! ஒரு கை அளவுல! டீம்ல எடுத்துட்டாங்க!"

அவர் கத்தவில்லை. கதவில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார்.

"சொல்லு" என்றார் கடைசியில். "எப்படி நீந்தினே, ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். திரும்பும் இடத்தில் சுவரை உதைத்தது, பக்கத்து லேன் பெண்ணின் பாதம் தன் தோளுக்கு நேராக வந்தது, கடைசிப் பத்து மீட்டரில் மூச்சே வாங்காதது. இத்தனை பந்தயம் பார்த்தவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அடுத்த மாசம் பெரிய போட்டி" என்றாள் மகள். "அதுக்கு நீங்க உள்ள வரணும்."

"வரலாமா?"

"மேல் வரிசையில உட்காரணும். எழுந்திருக்கக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது."

"கை தட்டலாமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிஞ்சதுக்கப்புறம்" என்றாள் மகள்.