மஞ்சச் சீலை ஊர்

பங்காரம்மாவின் மரத்துப்போன இடது காலை மடியில் ஏந்தி எண்ணெய் தேய்க்கும்போது செவ்வந்தியின் கண் காலில் இருக்காது, டி.வி.யில் இருக்கும். பாட்டு வந்துவிட்டால் கை தானாக மெதுவாகிவிடும். "ஏனுங்கம்மா, இது பனிப்பாட்டு ஊருங்க. போன வாரங்கூடப் போட்டாங்கல்லோ" என்பார். ஊர்களுக்கு வேறு பெயர் உண்டு என்பதையே அவர் ஒப்புக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்து பனிப்பாட்டு ஊர். பாங்காக் படகுச்சண்டை ஊர். கோலாலம்பூர் மஞ்சச் சீலை ஊர். அங்கே இரட்டைக் கோபுரத்தின் நடுவே இருக்கிற பாலத்தில் மஞ்சள் சேலை கட்டிய கதாநாயகி ஓடிவந்து நிற்பாள். அந்தப் பாட்டுக்கு மட்டும் எண்ணெய்க் கிண்ணம் கீழே இறங்கிவிடும்.

செவ்வந்திக்கு நாற்பது தாண்டிவிட்டது. கோபிசெட்டிபாளையத்துக்காரர். பெற்றவர்கள் வயல் கூலிகள். புருசன் விட்டுப் போனபிறகு, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். துடியலூரில் எங்கள் எதிர்வீட்டுப் பங்காரம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர்தான் கையும் காலும். பங்காரம்மா ஸ்பின்னிங் மில் நடத்திய குடும்பம், கண்டிப்பு அதிகம். ஆனால் சினிமா என்று வந்தால் இருவரும் சோட்டாளிகள், அத்தனை நெருக்கம். மத்தியானப் படத்துக்கு ஒரே தட்டில் பொரிகடலை.

"அந்தப் பாலத்துல நாம ரெண்டு பேரும் போயி நிக்கோணும் அம்மிணி" என்று பங்காரம்மா அடிக்கடி சொல்வார். போன வருசம் அது நடக்கப்போவதாகவே ஆனது. மகன் ரவிதேஜா குடும்பத்தோடு கோலாலம்பூர் கிளம்பியபோது, அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டுமென்று செவ்வந்திக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். செவ்வந்தி மஞ்சளில் ஒரு சேலை வாங்கித் தெரு முழுக்கக் காட்டினார். "அங்க காத்தடிக்குமுங்களா? முந்தானை பறக்கோணுமல்லோ" என்று என்னிடம் விசாரித்தார்.

திரும்பி வந்தபிறகு, அங்கே நடந்ததை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், துணி காயப்போட்டபடி, முகத்தைக் காட்டாமல்.

கோபுரத்துக்குள் லிப்ட் வரைக்கும் அவர்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிப் போயிருக்கிறார், அந்த மஞ்சள் சேலையோடு. அங்கே ரவிதேஜா, "செவ்வந்தி, மேல போறதுக்கு எங்களுக்கு மட்டுந்தான் டிக்கெட் போட்டிருக்குது. நீங்க பைகளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் பிடியை வாங்கிக்கொண்டார்.

"அவரு சொன்னதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. மொதலாளி, அப்படித்தான் இருப்பாரு. அம்மா ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு நின்னனுங்க. அவங்க பேத்திகிட்ட, 'என்ற கண்ணாடியக் குடு கண்ணு'ன்னாங்க. அப்புறம் என்னையப் பாத்து, 'பையி பத்திரம் அம்மிணி'ன்னாங்க. லிப்டு சாத்திக்கிச்சுங்க."

பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பாலம் தெரிகிற இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். காவலாளி ஒருவர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்று தமிழிலேயே சொல்லி எழுப்பிவிட்டார். "அந்த ஊருக்காரங்கள்ல எங்கூடப் பேசுனது அவரு ஒருத்தருதானுங்க."

மத்தியானப் படம் இப்போதும் ஓடுகிறது. "உக்காரு அம்மிணி" என்றால், "வேலை கெடக்குதுங்க" என்று செவ்வந்தி அடுப்படிக்குப் போய்விடுகிறார். வேறு வீடு பார்க்கலாமே என்று கேட்டேன். "போற ஊட்டுல மட்டும் என்னைய மேல கூட்டிட்டுப் போயிருவாங்களாக்கும்?" என்றார்.

இதைவிடக் கொடுமை, விருந்தாளிகள் வரும் நேரம். "நானும் இவளும் சேந்து போயி அந்தப் பாலத்துல நின்னமுங்க. மேகத்துக்குள்ள நிக்கிற மாதர இருந்துது. இல்லியா அம்மிணி?" என்பார் பங்காரம்மா. தெரிந்தே சொல்கிறாரா, சொல்லிச் சொல்லி நம்பிவிட்டாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. செவ்வந்தி "ஆமாங்க" என்பார். ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஓர் ஆமாங்க.

போன ஞாயிற்றுக்கிழமை பங்காரம்மாவின் தம்பி லட்சுமணசாமி காங்கேயத்திலிருந்து வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். கதை மேகம் வரைக்கும் வந்ததும் அவர் செவ்வந்தியின் பக்கம் திரும்பி, "உனக்கும் குடுத்து வெச்சிருக்குது பாரு. மேல இருந்து என்னம்மா தெரிஞ்சுது?" என்று சிரித்தபடி கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் கீழ பை பாத்துட்டு இருந்தனுங்க."

லட்சுமணசாமி செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். பங்காரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். கோணிய வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது. செவ்வந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, அந்த வாயைத் துடைத்தார். எச்சில் போனபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.